ஊருக்கு ஒரு குடும்பம் இருந்த காலத்தில் பிறந்த சங்கம்: அமெரிக்காவில் ஒடியாக்கள் ஒன்றுசேர்ந்த கதை

தமிழ், தெலுங்கு, குஜராத்திச் சங்கங்களைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். ஒடிசாக்காரர்களுக்கும் அமெரிக்காவில் அரை நூற்றாண்டு தாண்டிய சங்கம் இருக்கிறது என்கிறார்களே, எண்ணிக்கையில் அவ்வளவு குறைவாக இருந்தவர்களால் அது எப்படி முடிந்தது? இதுதான் கேள்வி. நான் நியூஜெர்சியில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ஒடியா குடும்பம் உண்டு. அவர்களோடு பழகி, அவர்கள் விழாக்களுக்குப் போய், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டு, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை குறைவாக இருந்ததால்தான் அது முடிந்தது.

சங்கத்தின் இன்றைய பெயர் ஒடிசா சொசைட்டி ஆஃப் தி அமெரிக்காஸ். எல்லோரும் ஓஎஸ்ஏ என்றுதான் சொல்வார்கள். தொடங்கியது 1969-ல். மனிதன் நிலவில் கால் வைத்த வருடம். சிகாகோ தமிழ்ச் சங்கமும் அதே வருடம்தான் தொடங்கியது, நியூயார்க் தமிழ்ச் சங்கம் அடுத்த வருடம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தமிழர்கள் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். அவற்றை எல்லாம் சேர்த்து ஃபெட்னா என்ற பேரவையை அமைத்தது 1987-ல். தெலுங்கர்களின் தானா அமைப்புக்கு முதல் மாநாடு 1977-ல். ஒடியாக்களோ எடுத்த எடுப்பிலேயே கண்டம் முழுவதற்கும் ஒரே சங்கம் வைத்துவிட்டார்கள். கிளைகள் பிறகுதான் வந்தன.

காரணம் லகுவானது. சிகாகோவில் ஒரு பொங்கல் விழா வைத்தால் கூடம் நிறைய அன்றைக்கே தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஒடியாக்களுக்கு அப்படி இல்லை. ஒரு ஊரில் ஒரு குடும்பம், மிஞ்சிப்போனால் இரண்டு. இரண்டு குடும்பத்தை வைத்துச் சங்கம் நடத்த முடியாது. ஒரு சங்கத்துக்கு வேண்டிய ஆளைச் சேர்க்க ஒரு கண்டமே தேவைப்பட்டது. கனடாவையும் உள்ளே இழுத்துக்கொண்டு 'அமெரிக்காஸ்' என்று பன்மையில் பெயர் வைத்ததில் அந்தத் தேவை தெரிகிறது.

அந்த முதல் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் சங்கம் புரியாது. 1965 வரை இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேற ஒதுக்கியிருந்த இடம் வருடத்துக்கு வெறும் 100. அந்த வருடம் வந்த புதிய குடியேற்றச் சட்டம் 1968 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மருத்துவர், பொறியாளர், ஆராய்ச்சியாளர் என்று படித்தவர்களுக்குக் கதவு திறந்தது. ஒடிசாவில் அந்தப் படிப்பைக் கொடுக்கும் இடங்களும் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தன. கட்டக் எஸ்சிபி மருத்துவக் கல்லூரி 1944-ல் வந்தது. புர்லா பொறியியல் கல்லூரி 1956-ல், ரூர்கேலா மண்டலப் பொறியியல் கல்லூரி 1961-ல். ஆகவே சட்டம் கதவைத் திறந்த நேரத்தில் அந்தக் கல்லூரிகளிலிருந்து தயாராக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முதல் அலை இவர்கள்தான்.

எங்கள் தெருப் பெரியவர் புர்லாவில் படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவர். எல்லோரும் அவரை 'பாயினா' என்பார்கள், ஒடியாவில் அண்ணன் என்று பொருள். அவர் மனைவியை நாங்களும் 'பாவுஜ' என்றே கூப்பிடுகிறோம், அண்ணி என்று. வேலை விஷயமாக எந்த ஊருக்குப் போனாலும் மோட்டல் அறையில் இருக்கும் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவாராம். மொகந்தி இருக்கிறதா, பட்நாயக் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுவார். அந்த இரண்டு பெயரும் கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை, நம் ஆள். தாஸ் என்றிருந்தால் யோசிக்க வேண்டும், வங்காளியாக இருக்கலாம். மிஸ்ரா என்றால் பீகார், உத்தரப் பிரதேசம் என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பெயர் கிடைத்ததும் போன் போட்டு, முன்பின் தெரியாத ஆளிடம் ஒடியாவிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவார். ஒரு முறை எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் அந்த ஆள், "சாப்பிட்டாச்சா? வந்து அழைத்துப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். இப்படிச் சேர்ந்த விலாசங்களைத் தட்டச்சு செய்து, பின் அடித்து, தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அவரிடம் இன்றும் அப்படி ஒரு விலாசப் புத்தகம் இருக்கிறது. காகிதம் பழுத்து ஓரம் உதிர்கிறது. எழுத்தெல்லாம் கார்பன் நீலம்.

சங்கத்தின் முதல் சொத்து அந்த விலாசப் பட்டியல்தான் என்று நினைக்கிறேன். கட்டடம் கிடையாது, நிதி கிடையாது, கோயில் கிடையாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் மட்டும் இருந்தது.

சரி, சிதறிக் கிடப்பவர்கள் கூடிப் பேச வேண்டும் என்ற எண்ணம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒடிசா என்ற மாநிலமே ஒரு சங்கம் பெற்றுக் கொடுத்ததுதான். பிரிட்டிஷ் காலத்தில் ஒடியா பேசியவர்கள் வங்காளத்தோடு ஒரு பகுதியாகவும், மத்திய மாகாணத்தோடு ஒரு பகுதியாகவும், சென்னை மாகாணத்தோடு ஒரு பகுதியாகவும் பிரிந்து கிடந்தார்கள். எந்த மாகாணத்திலும் பெரும்பான்மை இல்லை. 1895-ல் சம்பல்பூரில் அலுவல் மொழியாக இருந்த ஒடியாவை எடுத்துவிட்டு இந்தியைக் கொண்டுவந்தார்கள். மக்கள் விடாமல் போராடியதால் 1903-ல் ஒடியா திரும்பி வந்தது. அதே 1903 டிசம்பரில் கட்டக்கில் உத்கள் சம்மிலனி கூடியது. உத்கள் என்பது ஒடிசாவின் பழைய பெயர், சம்மிலனி என்றால் மாநாடு. அதன் உயிர்நாடி மதுசூதன் தாஸ் என்ற வழக்கறிஞர். கிறிஸ்தவர், ஒடியாக்களில் முதல் பட்டதாரி, இங்கிலாந்து போய் வந்தவர். பிரிந்து கிடந்த பகுதிகளின் ஆட்கள் ஆண்டுதோறும் ஓர் ஊரில் கூட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், அடுத்த வருடம் வேறு ஊர். இப்படி விடாமல் கூடித்தான் 1936 ஏப்ரல் 1-ல் தனி மாகாணம் கிடைத்தது. மொழியின் பேரில் ஒரு மாகாணம் அமைந்ததற்கு இந்தியாவில் அதுதான் முன்னோடி.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கஞ்சம், கோராபுட் பகுதிகள் அதுவரை சென்னை மாகாணத்தில் இருந்தன. பாயினாவின் தாத்தா பெர்ஹாம்பூர் பக்கம். அவர் காலத்தில் மாகாணத் தலைநகரம் மதராஸ்தான். தாத்தா ஒரு வழக்கு விஷயமாக மதராஸுக்கு ரயிலில் போய் வந்த கதையை என்னிடம் ஆசையாகச் சொல்வார்.

அமெரிக்கச் சங்கத்தின் வருடாந்திர மாநாடு அப்படியே அந்தச் சம்மிலனியின் அச்சு. வருடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் வேறு ஊரில், அந்தந்தப் பகுதிக் கிளையின் பொறுப்பில். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி வைத்தார்கள், எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் சில நாள் கிடைக்கும் என்று. தொடக்க காலத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மாநாட்டில் கலைநிகழ்ச்சி ஒரு பக்கம், பொதுக்குழு ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பது இவற்றுக்கு நடுவே நடக்கும். வருடத்தின் மற்ற நாட்களில் தொடர்பு அறுந்து போகாமல் இருக்க 'உத்கர்ஷ' என்ற சங்க இதழ்.

நான் ஒரு மாநாட்டுக்குப் பாயினா குடும்பத்தோடு போயிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஓட்டல் தாழ்வாரத்தில் காபி தேடிப் போனேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் கம்பளத்தின் மேல் ஒடிசி நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் வளைந்து, அந்த மூன்று வளைவு நிலையில் நிற்கிறார்கள். தரையில் உட்கார்ந்து ஓர் அம்மா மகளின் தலைக்குத் தக்கைப் பூக் கிரீடத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெட்டி நிறையக் கட்டக் வெள்ளிக் கம்பி நகைகள். அந்தக் கிரீடம் நசுங்கிவிடக் கூடாதென்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன் என்றார். சம்பல்பூரிப் புடவையை முதன்முதலாக அவ்வளவு ரகத்தில் நான் பார்த்தது அன்றுதான். மதியச் சாப்பாட்டில் தால்மா. பருப்போடு பப்பாளிக்காய், பூசணி, கத்திரிக்காய், வாழைக்காய் எல்லாம் போட்டு வேகவைத்து, வறுத்த சீரகமும் மிளகாயும் பொடித்துத் தூவுவார்கள். புளி போடாத நம் சாம்பார் என்று சொன்னால் பாவுஜவுக்குக் கோபம் வரும், ஆனாலும் தமிழருக்குப் புரிய அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கிளைகள் எப்படி வளர்ந்தன என்றால், தொண்ணூறுகளில் வந்த கணினி அலைதான் காரணம். ஹெச்-1பி விசா, இரண்டாயிரமாவது ஆண்டுக் கணினிப் பிரச்சினை, புவனேஸ்வரத்தில் மென்பொருள் நிறுவனங்கள் அலுவலகம் திறந்தது என எல்லாம் கொஞ்சம் முன்பின்னாக வந்தன. ஊருக்கு ஒரு குடும்பம் என்ற நிலை போய் ஒரே அடுக்குமாடி வளாகத்தில் நான்கைந்து ஒடியா குடும்பங்கள் என்றானது. நியூயார்க்-நியூஜெர்சி, நியூ இங்கிலாந்து, வாஷிங்டன், சிகாகோ, மிச்சிகன், டெக்சாஸ், கலிபோர்னியா, கனடா என்று கிளைகள் தனக்கென்று ஆளும் விழாவும் கொண்டவையாக ஆயின. பண்டிகைகளும் அப்போதுதான் முழுசாக வந்தன. சரஸ்வதி பூஜை, ஏப்ரல் 1-ல் உத்கள் திவஸ், குமார பூர்ணிமை, ஐப்பசி-கார்த்திகையில் பழைய கடல் வணிகர்களின் நினைவாகச் சிறு படகுகளில் விளக்கேற்றி நீரில் விடும் விழா. நியூஜெர்சியில் அதைக் குளத்தில் விட முடியாத இடங்களில் குழந்தைகள் விளையாடும் ரப்பர் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விடுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தொண்ணூறுகள் முடியும்போது அந்தப் புயல் வந்தது. 1999 அக்டோபர் 29. ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் எர்சமா பகுதியைக் கடல் புரட்டிப் போட்டது. கிட்டத்தட்ட 10,000 பேர் செத்துப்போனார்கள். தொலைபேசி இல்லை, சாலை இல்லை. இங்கே இருந்தவர்களுக்கு அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிய நாட்கணக்கானது. யாருக்காவது யாராவது மூலமாக ஒரு வார்த்தை கிடைத்தால், அந்தக் கிராமத்துக்காரர் எல்லோருக்கும் அதைச் சொல்ல வேண்டும். பாவுஜ ஒரு நோட்டில் மாவட்டம் வாரியாக எழுதி வைத்துக்கொண்டு இரவெல்லாம் போன் பேசியதாகச் சொன்னார். ஒரு பெண் தன் தம்பியைப் பற்றிக் கேட்க, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். ஐந்தாம் நாள்தான் தகவல் வந்தது, இருக்கிறான் என்று. பணம் திரட்டுவதும் அதோடு நடந்தது. அதுவரை மாநாட்டுக்கு மட்டும் வந்து போனவர்கள் சங்கத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது அந்த இரண்டு வாரத்தில்தான் என்பது பெரியவர்கள் பலரும் சொல்வது. 2013-ல் பைலின், 2019-ல் ஃபானி என்று பிறகு வந்த புயல்களின்போது யாரைக் கூப்பிடுவது, பணத்தை எப்படி அனுப்புவது என்ற பழக்கம் ஏற்கனவே இருந்தது.

ஜகன்னாதரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். இரண்டு ஒடியாக்கள் சந்தித்தால் 'ஜய் ஜகன்னாத்' என்றுதான் வணக்கம் சொல்வார்கள். ஆனால் தனிக்கோயில் கட்ட அன்று ஆள் பலம் கிடையாது. ஆகவே பல ஊர்களில் எல்லோருக்கும் பொதுவான இந்துக் கோயிலுக்குள்ளேயே ஜகன்னாதர், பலபத்திரர், சுபத்திரைக்கு ஒரு சன்னதி கேட்டு வாங்கினார்கள். அதற்கு ஒடியாக்கள் அந்தக் கோயிலின் குழுவில் உழைக்க வேண்டும், நிதி தர வேண்டும், வெங்கடேசப் பெருமாள் பக்தர்களோடும் அம்பாள் பக்தர்களோடும் ஒத்துப்போக வேண்டும். ரத யாத்திரையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பூரியில் அது ஆஷாட மாதத் துவிதியை திதியில் நடப்பது. இங்கே அது புதன்கிழமை வந்தால் யார் தேர் இழுப்பது? சனி, ஞாயிறுக்குத் தள்ளினால் திதி தவறுகிறது. அமெரிக்காவில் முதல் ரத யாத்திரையை நடத்தியது இஸ்கான், 1967-ல் சான் பிரான்சிஸ்கோவில். அவர்கள் வசதியான நாளில் வைப்பதைப் பூரி கோயில் தரப்பு இன்றுவரை ஏற்கவில்லை. ஒடியாக் குழுக்கள் பல, திதிக்குக் கிட்டத்தில் இருக்கும் வார இறுதியைத் தேடிப் பிடிக்கின்றன. பாயினா இரண்டும் செய்வார். திதியன்று வீட்டில் மூங்கில் கூடையளவு ஒரு தேரை ஹாலில் இருந்து சமையலறை வரை பேரப்பிள்ளைகளோடு இழுப்பார். சனிக்கிழமை கோயிலுக்குப் போவார்.

சண்டை சச்சரவு இல்லையா என்றால், உண்டு. கண்டம் முழுவதற்கும் ஒரே அமைப்பு என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் தேர்தலும் ஒன்றே. தோற்றவர் மனக்கசப்போடு ஒதுங்க வேறு சங்கம் கிடையாது, அதே சங்கத்துக்குள்தான் இருந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் மேற்கு ஒடிசா. சம்பல்பூர், பலாங்கீர், களாஹாண்டி மக்களின் பேச்சு வேறு. புதுநெல்லைப் படைத்துப் பெரியவர் காலில் விழுந்து கொண்டாடும் நுவாகாய்தான் அவர்களின் பெரிய பண்டிகை. கட்டக்-பூரிக் கடற்கரைப் பழக்கமே ஒடியாப் பழக்கம் என்று ஆகிவிடுகிறதே என்ற வருத்தம் அவர்களுக்கு இருக்கிறது, அது நியாயமான வருத்தம். இப்போது பல கிளைகள் நுவாகாயையும் தங்கள் விழாப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. தனியாகவும் கூடிக் கொண்டாடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து வெளியே போனவர்களில் அமெரிக்கா வந்தவர்கள் ஒரு சிறு துளி. கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள் பெருங்கூட்டமாக சூரத் விசைத்தறிக்குப் போயிருக்கிறார்கள். கேந்திரபாடா மாவட்டத்தின் பட்டமுண்டாய் பக்கத்து பிளம்பர்கள் இந்திய நகரங்கள் எல்லாவற்றிலும் குழாய் மாட்டிவிட்டு வளைகுடாவிலும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒடிசா மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பழங்குடியினர். மாநாட்டுக் கூடத்தில் இவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. விசா கொடுத்தவன் படிப்பைப் பார்த்துக் கொடுத்தான், படிப்பு யாருக்குக் கிடைத்ததோ அவர்களே வந்தார்கள். சங்கத்தை மதிக்கிறேன் என்பதாலேயே இதையும் எழுதுகிறேன். ஐம்பது வருட உழைப்பில் கட்டிய அமைப்பு, புவனேஸ்வரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கையாவது சூரத்தில் வேலை பார்க்கும் கஞ்சம்காரன் பிள்ளையின் படிப்புக்கு என்று ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

பெயர் மாற்றம் எப்போது என்று சிலர் கேட்பதுண்டு. 2011-ல் நாடாளுமன்றம் ஒரிஸ்ஸாவை ஒடிசா என்றும், ஒரியாவை ஒடியா என்றும் மாற்றியது. சங்கமும் அதைப் பின்பற்றியது. 2014-ல் ஒடியாவுக்குச் செம்மொழித் தகுதி வந்தபோது பாயினா இனிப்போடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "உங்களுக்குப் பத்து வருடம் முன்னாலேயே கிடைத்துவிட்டது, நாங்களும் வந்துவிட்டோம்" என்றார். செனா போடா கொண்டுவந்திருந்தார், பாலாடைக்கட்டியைச் சர்க்கரை போட்டுக் கருகச் சுட்ட பண்டம்.

இனி அடுத்த தலைமுறை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒடியா காதில் விழுந்தால் புரியும், வாயில் வருவது குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. நம் பிள்ளைகளின் கதைதான். ஆனால் தமிழுக்கு இருக்கும் வாரக் கடைசிப் பள்ளிகள் அளவுக்கு அவர்களுக்கு இல்லை, ஊருக்கு அத்தனை பிள்ளைகள் கிடையாதே. கூகுள் மொழிபெயர்ப்பில் ஒடியா சேர்ந்ததே 2020-ல்தான். அந்த இடைவெளியை நடனம் நிரப்புகிறது என்பது என் கணிப்பு. ஒடிசி கற்கும் பெண், பாட்டின் வரிகளைப் பொருள் தெரிந்து அபிநயிக்க வேண்டும். அந்த வழியில் வீட்டில் பேசாத ஒடியா சொற்கள் உள்ளே போகின்றன.

சங்கம் உயிரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் ஜூன் நடுவில் ஏதாவது ஒரு கிளையின் ரஜோ விழாவுக்குப் போங்கள். பூமி மூன்று நாள் தீட்டில் இருக்கிறாள் என்று நம்பி ஏர் பூட்டாமல், மண்ணைக் கிளறாமல் விடும் பண்டிகை அது. பெண்களுக்கு அந்த நாட்களில் வேலை கிடையாது. ஊஞ்சல் ஆடலாம், வெற்றிலை போடலாம், பணியாரம் சாப்பிடலாம். சென்ற வருடம் பூங்காவில் ஒரு பெரிய மரக்கிளையில் கயிறு கட்டப் பூங்காக்காரர்கள் அனுமதி தரவில்லை. உடனே இளைஞர்கள் இரும்புச் சட்டம் கொண்டுவந்து நிறுத்தி, சாமந்திச் சரம் சுற்றி ஊஞ்சல் மாட்டினார்கள். பாவுஜ போடா பிட்டா கொண்டுவந்திருந்தார். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, வெல்லம், தேங்காய், இஞ்சி சேர்த்து, ஊரில் வாழை இலையில் சுற்றித் தணலில் இரவு முழுக்க வைப்பது. இங்கே சமையலறை ஓவனில் நாலு மணி நேரம். கூடவே அரிசா பிட்டா, அது நம் அதிரசத்தின் உடன்பிறப்பு. வாயில் போட்டதும் என் மனைவி, "இது எங்க அம்மா செய்றது" என்றாள். பாவுஜ சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, "மூன்று நாள் நீயும் அடுப்புப் பக்கம் போகாதே" என்று சொல்லி ஊஞ்சல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்.